கைக்குழந்தையோடு மலை இறங்கி மலை ஏற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. அதனால் என் இரண்டு பிள்ளைகளையும் கைக்குழந்தையாக இருந்தபோதே தூக்கிக்கொண்டு மாதம் ஒரு தடவையாவது இறங்கி ஏறியிருக்கிறேன். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை லீவு நெருங்கினால் போதும், முன்பள்ளி வாசலில் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்தேன். நான் டொக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் எழுதியிருப்பதெல்லாம் கிளினிக்கில் எங்களுக்குச் சொன்னவை. உங்கள் பிள்ளைக்கு உங்கள் மிட்வைப்பும் டொக்டரும் வேறு மாதிரிச் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

டீச்சர், புள்ள பொறந்து எத்தன நாள்ல பயணம் போவலாம்?

முப்பத்தொன்று கழியட்டும் என்று அம்மாயி சொல்வார்கள். அது தீட்டுக் கணக்கு என்றாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் தாய்க்கு உதிரப்போக்கு குறையும், தையல் ஆறும், பால் குடிக்கும் பழக்கம் பிள்ளைக்குப் பிடிபடும். சிசேரியன் என்றால் தோட்டத்து ரோட்டின் குண்டு குழியில் முதலில் வலிப்பது உங்கள் வயிறுதான், பிள்ளைக்கு அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய்வீட்டுக்கு வேனில் போவது வேறு. அது எல்லோரும் செய்வதுதான், தவிர்க்கவும் முடியாது. ஆனால் கூட்டமான பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போகும் பயணத்தை, வீட்டில் சாவு போன்ற அவசரம் இல்லாவிட்டால், இரண்டு மாதத் தடுப்பூசி போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் கிளினிக்கில் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

பையில என்னென்ன வைக்கணும்? ஒரு லிஸ்ட் சொல்லுங்க.

லிஸ்ட்டை விட முக்கியம், எது எந்தப் பையில் என்பது. பெரிய பை பஸ்ஸின் டிக்கிக்குப் போகும், அல்லது தலைக்கு மேல் தட்டுக்குப் போகும். புறப்பட்ட பிறகு அதை மறந்துவிடுங்கள். உங்கள் மடிக்கும் சீட்டுக்கும் இடையில் இருக்கும் சின்னப் பைதான் பிள்ளையின் பை.

என் மூத்தவனுக்கு நாலு மாதம் இருக்கும்போது நடந்தது இது. பம்பர்ஸ் பக்கெட் முழுதும் டிக்கியில். பஸ் கித்துல்கலை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவன் முகத்தைச் சுருக்கினான். அடுத்த நிமிடம் என் சேலை முந்தானையிலிருந்து முழங்கால் வரை மஞ்சளாக வழிந்தது. பக்கத்து சீட்டு ஐயா ஒன்றும் பேசாமல் தன் துவாயை எடுத்துக் கொடுத்தார். அவிசாவளை வரும்வரை அந்தத் துவாயில்தான் அவன் இருந்தான்.

சின்னப் பையில் இருக்க வேண்டியவை: பம்பர்ஸ் நாலு, ஈரத் துடைப்பான் அல்லது நனைத்துப் பிழிந்த துணி, இரண்டு முழுச் சோடி உடுப்பு, தாய்க்கு ஒரு மேல்சட்டை (இதை எல்லோரும் மறப்பார்கள்), தொப்பி, சொக்ஸ், நாலைந்து சொப்பிங் பேக், பால் சாமான், கிளினிக் கார்ட், ஒரு பழைய வொயில் சேலை. சேலை எதற்கென்று கேட்பீர்கள். பால் கொடுக்கும்போது போர்வை, ஜன்னல் காற்றுக்குத் திரை, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் விரிப்பு, போன வீட்டில் தொட்டில். நூறு தடவை துவைத்துப் பஞ்சாகிப் போன சேலையாக இருந்தால் உள்ளங்கை அளவுக்கு மடிந்துவிடும்.

பம்பர்ஸ் எத்தன? துணி நெப்பி போதாதா?

வழியில் இருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, மேலே மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் துணி நெப்பி பாவிப்பவர்களும் வழிக்கு மட்டும் பம்பர்ஸ் வாங்குவது நல்லது. மழைக் காலத்தில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்பங்கரையில் கொடி கட்டினாலும் துணி காய இரண்டு நாள் எடுக்கும். போகிற வீட்டில் காய வைக்க இடம் இருக்கிறதோ இல்லையோ.

பாவித்ததை ரயில் ஜன்னலாலும் தேயிலைக் கானிலும் (வடிகாலிலும்) எறியாதீர்கள். சொப்பிங் பேக்கில் கட்டி வைத்துக்கொண்டு, குப்பைத் தொட்டி கண்ட இடத்தில் போடுங்கள். கான் அடைத்தால் மழைத் தண்ணீர் நம் லயத்துக்குள்தான் வரும்.

குளிருக்கு எத்தன உடுப்பு போடணும்? மாமி நாலு போடச் சொல்றாங்க.

உங்களுக்கு எத்தனை தேவையோ அதைவிட ஒன்று கூட. அவ்வளவுதான். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கைக்குழந்தைகளுக்கு அது சாதாரணம். பிடரியில் விரலை விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

நம் ரோட்டின் தனிக் கூத்து என்னவென்றால் ஒரே நாளில் மூன்று காலநிலை. ஹட்டன் ஏறக்குறைய 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர், கொழும்பு கடல் மட்டம். காலையில் மூச்சு விட்டால் புகை வரும் இடத்தில் ஏறி, மத்தியானம் அவிசாவளைப் புழுக்கத்தில் நிற்போம். ஒரே தடித்த ஸ்வெட்டர் இதற்கு உதவாது. மெல்லிய பருத்திச் சட்டை, அதற்கு மேல் கையுள்ள சட்டை, அதற்கு மேல் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். தலை வழியாக இழுக்கும் ஸ்வெட்டரைத் தூங்கும் பிள்ளைக்குக் கழற்றிப் பாருங்கள், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கினிகத்தேனை தாண்டியதும் ஒன்று, கித்துல்கலையில் இன்னொன்று என்று கழற்றிக்கொண்டே வரலாம்.

பஸ்ஸா, ரயிலா, வேனா? எது நல்லது?

காசு இருந்தால் வேன். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், அதுதான் அதன் மதிப்பு. அடுத்தது, சீட் புக் பண்ணிய ரயில். எழுந்து நடக்கலாம், வளைவுகளில் பஸ் மாதிரித் தூக்கி அடிக்காது, கழிப்பறை என்று ஒன்றாவது இருக்கும் (பிள்ளையை அதற்குள் கொண்டுபோய் மாற்ற நினைக்காதீர்கள், சீட்டிலேயே மாற்றுங்கள்). முன்பதிவு 30 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. நீண்ட லீவு என்றால் அன்றே முடிந்துவிடும். புக் பண்ணாமல் மூன்றாம் வகுப்பில் கைக்குழந்தையோடு ஏறி, கதவோரம் நின்றுகொண்டு போகும் நிலைக்கு ரயிலை விடப் பஸ்ஸே மேல்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது நமக்குத் தெரியும். ஆகவே ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இன்னொன்று, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். என்ஜின் புகை உள்ளே நிற்கும். அதற்கு முன்பே ஷட்டரை இறக்கிவிடுங்கள்.

பஸ்ல எந்த சீட்ல உக்காரணும்?

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில். கடைசி வரிசை குலுக்கும், முதல் வரிசையில் பிரேக் போட்டால் முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை. கதவுக்கு நேர் எதிரே வேண்டாம், ஒவ்வொரு ஹோல்ட்டிலும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். ஆரம்பிக்கும் ஸ்டாண்டிலேயே ஏறினால்தான் இதெல்லாம் தெரிவு செய்ய முடியும், நடுவழியில் ஏறினால் கிடைத்த இடம்தான்.

எத்தன மணிக்குப் பொறப்படணும்?

விடிந்ததும். இருட்டில் மூடுபனிக்குள் இறங்குவதை விட, கண் தெரியும் வெளிச்சத்தில் வளைவுகளைக் கடப்பது நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை கட்டாயம் என்பதுபோல வரும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிள்ளை தூங்கும் நேரத்தைப் பார்த்துப் பஸ் ஏறச் சொல்வார்கள், எனக்கு அது ஒரு நாளும் சரிவந்ததில்லை. பஸ் கிளம்பினால் தூங்கும், ஸ்டாண்டில் நின்றால் எழும்பும்.

பஸ்ல வச்சு தாய்ப்பால் குடுக்க வெக்கமா இருக்கு டீச்சர்.

முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான். ஜன்னலோரம் உட்காருங்கள். முன்னால் திறக்கும் சட்டை, மேலே அந்த வொயில் சேலை. பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், முழுதாக மூடிவிடாதீர்கள். வீட்டில் இரண்டு தடவை பழகிப் பார்த்துவிட்டு வந்தால் பஸ்ஸில் கை தானாகப் போகும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையோடு பயணம் போவது பாதிச் சுமை. கொதிக்க வைக்கத் தேவையில்லை, கழுவத் தேவையில்லை, கொட்டுவதும் இல்லை. கறந்து எடுத்துப் போவதென்றால் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம். அவிசாவளைச் சூட்டில் அவ்வளவு நேரம் நம்பாதீர்கள்.

பால்மா கரைச்சு சூப்போத்தல்ல ஊத்திக்கொண்டு போவலாமா?

கரைத்துக் கொண்டுபோகக் கூடாது. கரைத்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கெட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாய் வைத்துக் குடித்த மிச்சம் என்றால் ஒரு மணி நேரம்தான். வயிற்றோட்டத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த மிச்சத்தைச் சேமிப்பதுதான் என்பது என் எண்ணம். பால்மா விலைக்குக் கொட்ட மனம் வராது, எனக்கும் வராது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள்.

பவுடரை ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக அளந்து, காய்ந்த சின்ன டப்பாக்களில் போடுங்கள். கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்க்கில் ஊற்றுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் இன்னொரு போத்தலில். பவுடர் முதலில் சுடுதண்ணீரில் கரைய வேண்டும். அந்தத் தண்ணீர் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருந்தால்தான் பவுடரில் உள்ள கிருமி சாகும். அதன் பிறகு ஆறிய தண்ணீரைச் சேர்த்து அளவை நிரப்பி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிளாஸ்க்கை முதலில் சுடுதண்ணீரால் ஒரு தடவை அலம்பி ஊற்றிவிட்டு நிரப்பினால் சூடு நீடிக்கும். ஓடும் பஸ்ஸில் மட்டும் பிளாஸ்க்கைத் திறக்காதீர்கள். நிற்கும்போது செய்யுங்கள்.

மலையில தண்ணி நல்லா கொதிக்காதாமே, அப்ப கிருமி சாகாதா?

பாதி உண்மை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொழும்பில் 100 பாகை என்றால் ஹட்டனில் ஏறக்குறைய 96, நுவரெலியாவில் 94. நோய்க்கிருமி சாக அந்தச் சூடு தாராளம். பெரிய குமிழி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். மேலே சொன்ன 70 பாகைக்கும் இது எவ்வளவோ கூட. பருப்பு வேகத்தான் நேரமெடுக்கும்.

நுவரெலியா போய் சூப்போத்தல தொறந்தா, தண்ணி முகத்துல பீச்சுது. ஏன்?

அதே காற்றழுத்தக் கதைதான். கீழே இறுக்கி மூடியபோது உள்ளே அடைபட்ட காற்று, மேலே வந்ததும் விரிகிறது. டிப்பிடிப் பக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. ஏறும் வழியில் மூடியை ஒரு தடவை தளர்த்திவிட்டு மூடினால் சரி.

அவ்வளவு உயரத்துல புள்ளைக்கு மூச்சு முட்டாதா? காது அடைக்காதா?

உயர நோய் என்று சொல்வது பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான். நம் நாட்டிலேயே அந்த உயரத்தைத் தொடுவது 2524 மீட்டரில் இருக்கும் பிதுருத்தலாகலை உச்சி மட்டும்தான். அங்கே யாரும் பிள்ளையோடு குடியிருக்கவில்லை. நெஞ்சு நோய், இருதய நோய் உள்ள பிள்ளை என்றால் மட்டும் டொக்டரிடம் கேளுங்கள்.

காது அடைப்பது உண்மை, அதிலும் இறங்கும்போது. விழுங்கினால் திறக்கும். கினிகத்தேனை, கடுகண்ணாவை, ரம்பொடை மாதிரி வேகமாக இறங்கும் இடங்களில் பால் கொடுங்கள் அல்லது சூப்பியை வாயில் வையுங்கள். கடும் சளி இருக்கும் நேரத்தில் காது வலி கூடும். முடிந்தால் பயணத்தை இரண்டு நாள் தள்ளுங்கள்.

வளைவுல புள்ள வாந்தி எடுக்குது. வாந்திக்கு மருந்து குடுக்கலாமா?

இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி வருவது மிகக் குறைவு. பெரும்பாலும் அது வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குலுங்கியதால் கக்குவது. ஏறுவதற்குச் சரியாக முன்னால் வயிறு முட்டக் கொடுக்காமல், அரை மணி நேரம் முன்பே கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து ஏற்றுங்கள். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மருந்து வேண்டாம்.

உண்மையில் வாந்தி எடுப்பது தாய்தான். வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, ஃபோனைப் பார்க்காமல், தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க ஒரு ஆள் கூட வந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

ஏழு மாசம் ஆச்சு, சோறு ஊட்டுறேன். வழியில என்ன குடுக்க?

வீட்டில் பழகியதை மட்டும். புதுச் சாப்பாட்டைப் பயண நாளில் ஆரம்பிக்காதீர்கள். கோழிக்கூட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு வரம் கிடையாது. அதற்குத் தோல்தான் டப்பா, கழுவத் தேவையில்லை, கரண்டியால் சுரண்டி ஊட்டலாம். காலையில் குழைத்த பருப்புச் சோறு மத்தியானம் வரை தாங்காது, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது, துளி கூட.

ரயிலில் ஒரு ஆபத்து உண்டு. கூடையில் கடலையும் இறால் வடையும் கொண்டு வருவார்கள். எதிர் சீட்டில் இருக்கும் நல்ல மனசு அம்மா ஒரு கச்சானைப் பிள்ளையின் கையில் வைப்பார். கச்சான், கடலை, முழுத் திராட்சை எல்லாம் மூச்சுக் குழாயில் சிக்கும் சாமான். சிரித்துக்கொண்டே வாங்கி உங்கள் வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பு வெக்கைக்கு தண்ணி குடுக்க வேணாமா? புள்ளைக்கு நாலு மாசம்.

வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. வெக்கைக்கு அடிக்கடி கேட்கும், அடிக்கடி கொடுங்கள், நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாய் காய்ந்திருக்கிறது, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலைப் பிள்ளைக்குக் கீழே போனதும் வேர்க்குரு போடும். பவுடர் அப்பாமல் குளிக்க வார்த்து, மெல்லிய சட்டை போட்டால் போய்விடும்.

தூங்க வைக்க பிரிட்டன் மருந்து கொஞ்சம் குடுக்கச் சொல்றாங்களே?

யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அலர்ஜிக்குக் கொடுக்கும் பிரிட்டனைக் கைக்குழந்தைக்குத் தூக்க மருந்தாகக் கொடுத்தால் மூச்சே மந்தமாகலாம். சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாக, தூக்கமே போய் இரவு முழுக்கக் கத்தும். விரலில் பிராந்தி தொட்டு வைப்பதும் இதே வகைதான். அழுகிற பிள்ளையை ஒரு பஸ் முழுக்கப் பொறுத்துக்கொள்ளும். எல்லோரும் ஒரு காலத்தில் அழுதவர்கள்தான்.

வேன்ல மடியில வச்சிருந்தா போதாதா? ஆட்டோவுல?

வேன் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சட்டென்று நின்றால், ஏழு கிலோ பிள்ளை பல மடங்கு கனமாகி முன்னால் பறக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்துவைக்காது. பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட் கிடைத்தால், இரவலாகவாவது வாங்கிப் பின் சீட்டில் கட்டுங்கள். வேன் பேசும்போது வாடகை கேட்பதற்கு முன் பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். முன் சீட்டில் பிள்ளையை வைக்கவே வேண்டாம், எயார்பேக் வெடித்தால் அதுவே அடிக்கும். உங்கள் பெல்ட்டைப் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டுவதும் ஆபத்து, நடுவில் பிள்ளைதான் நசுங்கும்.

லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்டோ இல்லாமல் முடியாது. நடுவில் உட்காருங்கள், பிள்ளையின் கால் வெளியே நீட்டாமல், பக்கப் படங்கை இறக்கி, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். துணியால் நெஞ்சோடு கட்டிக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, பிள்ளையின் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நாடி (முகவாய்) நெஞ்சில் குத்தி மடங்கக் கூடாது. குளிருக்கு ஜக்கெட்டை இழுத்துத் தலையோடு மூடிவிடாதீர்கள்.

நுவரெலியாவுல சொந்தக்காரங்க வீட்ல தங்கறோம். ராத்திரிக்கு ரூம்ல கரிச் சட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது. ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். மணம் இல்லை, புகை இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். இது பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பார்க்கலாம், குளிர் உண்மைதான். படுக்கப் போகும் முன் சுடுதண்ணீர்ப் போத்தலால் படுக்கையைச் சூடாக்கி, போத்தலை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கம்பளியை நெஞ்சு வரை மட்டும் போர்த்தி ஓரத்தைச் செருகுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம்.

சளிக்குச் சித்தாலேப தைலம் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கற்பூரம் கலந்த தைலம் எதையும் இரண்டு வயதுக்குக் கீழே நெஞ்சிலும் மூக்கிலும் பூசாதீர்கள்.

ஊசி போடற நாள் நடுவுல வருது. தள்ளிப் போடலாமா?

ஊசியைத் தள்ளாமல் பயணத்தைத் தள்ளுங்கள். இரண்டு, நாலு, ஆறு மாத ஊசிகளுக்கு முதல் ஓரிரு நாளில் காய்ச்சல் வரலாம், அது கழிந்து புறப்படலாம். ஒன்பது மாத எம்எம்ஆர் (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். அதை மறந்துவிட்டுப் போன இடத்தில் பயந்துபோனவர்களை எனக்குத் தெரியும். நீண்ட நாள் தங்குவதென்றால் கிளினிக் கார்டைக் கொண்டுபோனால் அங்குள்ள கிளினிக்கிலேயே கேட்டுப் போடலாம். அதனால்தான் கார்ட் சின்னப் பையில்.

வழியில காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

மூன்று மாதத்துக்குக் கீழே இருந்து, 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால், மருந்து கொடுத்துப் பார்க்காமல் அடுத்து வரும் ஆஸ்பத்திரியில் இறங்குங்கள். பெரிய பிள்ளை என்றால் டொக்டர் எடைக்கு ஏற்ப எழுதித் தந்த அளவில் பரசிட்டமோல். எந்த வயதானாலும் பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழும்பாமல் கிடந்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் நேரம் கடத்தக் கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) ஒன்று பெரிய பையில் இருக்கட்டும். பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல.

நம் வழியில் டிக்கோயா, நாவலப்பிட்டி, அவிசாவளை, நுவரெலியா, பதுளை எல்லா இடத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. பேராதனையிலும் கொழும்பு பொரளையிலும் பிள்ளைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும், கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வையுங்கள்.

மழைக் காலத்துல மண் சரியுதே, போவலாமா வேணாமா?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவத்தில் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் நனையும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கமும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், அம்பர் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. போகும் பிரதேசத்துக்கோ வழியில் உள்ள பிரதேசத்துக்கோ அம்பர் போட்டிருந்தால் நான் போக மாட்டேன், யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெயில் காலத்திலும் ரோடு அடைபட்டால் நாலு மணி நேரம் நடுவழியில் நிற்கலாம். பால்மாவும் பம்பர்ஸும் கணக்குக்கு மேல் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கண்ணூறு படாம இருக்க கண்ணுல மை, கையில வசம்பு கட்டினா தப்பா?

கன்னத்தில் பொட்டு வையுங்கள், உள்ளங்காலில் வையுங்கள், யாருக்கும் நட்டமில்லை. கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள், சில மைகளில் ஈயம் இருக்கும், குலுங்கும் பஸ்ஸில் விரல் நகமும் படும். வசம்பைக் கட்டினால் பிள்ளை அதை வாயில் வைக்கும். உரைத்து நாக்கில் தடவுவது அதைவிட மோசம். நான் இரண்டு பிள்ளைக்கும் திரும்பி வந்த பிறகு வாசலில் மிளகாய் சுற்றிப் போட்டேன். அம்மாயிக்குத் திருப்தி, எனக்கும் வேலை முடிந்தது.

கொழும்புல நுளம்பு கடிச்சுருச்சு. திரும்பி வந்து காய்ச்சல் அடிக்குது. பயணக் களைப்புதானே?

களைப்பு என்று விடாதீர்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. கடித்து நாலு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும், அதற்குள் நாம் மலைக்குத் திரும்பியிருப்போம். அங்கே இருக்கும்போது பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், கை கால் மூடிய மெல்லிய உடுப்பு போடுங்கள். நுளம்பு விரட்டும் கிரீம் இரண்டு மாதத்துக்குக் கீழே வேண்டாம், அதன் பிறகும் டொக்டரிடம் கேட்டுத்தான்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதல் வார்த்தையாக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கொழும்பில் இருந்தோம் என்று சொல்லுங்கள். குளிர் ஊரில் டெங்கு யாருக்கும் உடனே நினைவுக்கு வராது. நான் பஸ் டிக்கட்டைக் கிளினிக் கார்டுக்குள் செருகி வைப்பேன். தேதி அதிலேயே இருக்கும்.